உறங்கும் இளவரசிக்கு மூன்று கனவுகள்

சென்ற இதழில் ஒரு பதிலின் ஊடே, பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ராவெலின் ‘மா மேர் லுவா’ என்னும் ஆர்கெஸ்ட்ரா படைப்பைக் ‘கனவுக்குள் நடக்கும் இசை’ என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அந்தப் படைப்புக்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்தப் படைப்பின் இரண்டு ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். ஒன்று ஏறத்தாழ 17 நிமிடங்களில் முடிகிறது. மற்றொன்று 28 நிமிடங்கள் வரை போகிறது. ஒன்றில் நான்காவதாக வரும் வால்ட்ஸ் நடனம் மற்றதில் முன்னாலேயே வந்துவிடுகிறது. இவற்றில் எது ராவெல் எழுதியது? கனவு என்று நீங்கள் சொன்னது எதில் இருக்கிறது?

பதில்: இரண்டும் ராவெல் எழுதியவையே. இந்தப் படைப்புக்கு மூன்று பிறவிகள் உண்டு என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். தம் நண்பர்களான கொதெப்ஸ்கி தம்பதியரின் குழந்தைகள் மிமி, ழான் இருவரும் ஒரே பியானோவின் முன் அருகருகே அமர்ந்து நான்கு கைகளால் வாசிப்பதற்காக, தூங்கும் அழகியைப் பற்றிய ஒரு சிறு பகுதியை ராவெல் 1908இல் எழுதினார். 1910க்குள் மேலும் நான்கு பகுதிகள் சேர்ந்தன. இது முதற்பிறவி. 1911இல் அந்த ஐந்தையும் அதே வரிசையில் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அமைத்தார். நீங்கள் கேட்ட 17 நிமிடப் பதிவு அதுதான். பாரிஸில் தெயாத்ர் தெ ஸார் அரங்கை அப்போது நடத்திவந்த ழாக் ரூஷே, இதைப் பாலே என்னும் நடன நாடகமாக விரித்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். ராவெல் தாமே கதையை அமைத்து, ஒரு முகப்பிசையும், நூற்கும் இராட்டையின் நடனமும், காட்சிக்கும் காட்சிக்கும் இடையே இணைப்பிசைகளும் புதிதாக எழுதி, பழைய பகுதிகளின் வரிசையையும் மாற்றினார். 1912 ஜனவரியில் மேடையேறிய அந்த மூன்றாவது பிறவியே உங்களுடைய 28 நிமிடப் பதிவு.

கனவு இந்த மூன்றாவதில்தான் வருகிறது. முதல் இரண்டு வடிவங்களிலும் ஐந்து தேவதைக் கதைகளின் ஐந்து படங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோல் வந்துபோகின்றன. பாலேக்கு ஒரு நூலிழை தேவைப்பட்டது. ராவெல் தேடிப் பிடித்த இழை உறக்கம். ஒரு தோட்டத்தில் ஒரு முதியவள் இராட்டையில் நூற்றுக்கொண்டிருக்கிறாள். இளவரசி ஃபிளோரின் கயிறு தாண்டி விளையாடியபடி வந்து, கால் தடுக்கி இராட்டையின்மேல் விழுகிறாள், கதிர் குத்திவிடுகிறது. அரண்மனைப் பெண்கள் அவளைக் கிடத்தி, பவான் என்னும் பழைய நடனத்தை மெல்ல ஆடி உறங்க வைக்கிறார்கள். முதியவள் நிமிர்ந்து, தன் அழுக்குப் போர்வையை வீசி எறிந்ததும் நல்ல தேவதையாகத் தோன்றுகிறாள். இரண்டு சிறுவர்களை அழைத்து, இளவரசியைக் காக்கும் பொறுப்பையும் அவளுக்கு இனிய கனவுகளைக் காட்டும் பொறுப்பையும் ஒப்படைக்கிறாள். அதன் பிறகு வரும் மூன்று காட்சிகளும் அந்தக் கனவுகள்: அழகியும் மிருகமும் பேசிக்கொள்வது, கட்டைவிரல் அளவே உள்ள சிறுவன் காட்டில் வழி தவறுவது, பகோடாக்களின் அரசி குளிப்பது. இறுதிக் காட்சியில் அவள் விழித்துக்கொள்கிறாள்.

தலைப்புக்குத் ‘தாய் வாத்து’ என்று பொருள். ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட தேவதைக் கதைத் தொகுப்பின் முகப்புப் படத்தில் ‘என் தாய் வாத்தின் கதைகள்’ என்று எழுதியிருந்தது. பாட்டி கதை என்று நாம் சொல்வதற்கு நிகரான பிரெஞ்சு வழக்கு அது. ஆனால் ஐந்து கதைகளும் பெரோவுடையவை அல்ல. தூங்கும் அழகியும் கட்டைவிரல் சிறுவனும் மட்டுமே அவருடையவை. பகோடா அரசி அதே காலத்தவரான மதாம் தோல்னுவாவின் கதையில் வருபவள். அழகியும் மிருகமும் மதாம் லெப்ரின்ஸ் தெ போமோன் 1756இல் எழுதியது. கடைசிப் பகுதியான ‘தேவதைத் தோட்டம்’ ராவெலின் சொந்தக் கற்பனை.

எதைக் கேட்கலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் நீண்ட வடிவத்தைக் கேளுங்கள். குறுகிய வடிவம் கச்சேரி மேடைக்கு வசதியானது என்பதால் அதுவே அதிகம் வாசிக்கப்படுகிறது. ஆனால் ஒரு கனவு கரைந்து அடுத்தது உருவெடுக்கும் அந்த இணைப்பிசைகளை இழப்பது, என் கணக்கில், பெரிய இழப்பு.

கேள்வி: கனவு இசை என்றால் எனக்கு ராவெலின் காலத்துப் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸிதான் நினைவுக்கு வருகிறார். எல்லாம் பனிமூட்டம்போல் கலங்கி, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்றே தெரியாமல் இருக்கும். ராவெலின் இந்தப் படைப்போ கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. இதில் கனவுத்தன்மை எங்கே?

பதில்: நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, உங்கள் காதும் நல்ல காது. தெபுஸ்ஸி 1894இல் தந்த ‘ஒரு ஃபோனின் பிற்பகல்’ முகப்பிசையில், மலார்மேயின் கவிதையில் வரும் ஆட்டுக்கால் கொண்ட அந்த வனதேவன், தான் கண்ட பெண்கள் மெய்யா கனவா என்று தெளியாமல் கிடக்கிறான். ஆகவே அங்கே தனிப் புல்லாங்குழல் ஒரு சுரத்திலிருந்து அரைச் சுரங்களாக வழுக்கி இறங்கி, திரும்ப ஏறி, எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்பதையே சொல்லாமல் விடுகிறது. அது வெயிலில் அரைத்தூக்கத்தில் இருக்கும் ஒருவனின் கனவு.

ராவெல் வரைவது குழந்தையின் கனவு. விழித்தெழுந்த குழந்தையிடம் என்ன கண்டாய் என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ மங்கலாகத் தெரிந்தது என்று அது சொல்லாது. பூனைக்குச் சிவப்புச் செருப்பு இருந்தது, அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன என்று சொல்லும். நடந்த சம்பவம்தான் நடக்க முடியாதது. விவரங்களோ ஊசி முனையளவு துல்லியமானவை. இந்தத் துல்லியத்தைத்தான் ராவெல் கையாளுகிறார். குழந்தைப் பருவத்தின் கவிதையை எழுப்ப முனைந்தபோது தம் நடையை எளிமையாக்கவும் எழுத்தை மெலிதாக்கவும் நேர்ந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆர்கெஸ்ட்ராவைப் பாருங்கள்: டிரம்பெட் இல்லை, டிராம்போன் இல்லை, டியூபா இல்லை, ஹார்ன் இரண்டே இரண்டு. மரக்குழல் வாத்தியங்கள் வகைக்கு இரண்டாக நிற்க, ஹார்ப், சிறு மணிகள்போல் ஒலிக்கும் செலஸ்டா, சில தாள வாத்தியங்கள், தந்தி வாத்தியங்கள் அவ்வளவுதான். தூங்கும் அழகிக்கான பவான் மொத்தமே 20 தாளக்கட்டுகள். ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அதில் புல்லாங்குழல் பாடும்போது கீழே நகரும் ஒவ்வொரு குரலையும் எண்ணிச் சொல்லிவிட முடியும்.

இருந்தும் கால் தரையில் பாவாத உணர்வு வருகிறதே, அது எப்படி என்பதற்குக் கட்டைவிரல் சிறுவனின் காட்சியைக் கேளுங்கள். திரும்பி வரும்போது வழி தெரியட்டும் என்று அவன் ரொட்டித் துணுக்குகளைச் சிந்திக்கொண்டே போகிறான்; பறவைகள் எல்லாவற்றையும் தின்றுவிடுகின்றன. கதையின் அந்த வரிகளை ராவெல் இசைக்குறிப்பேட்டின் தலையிலேயே எடுத்து எழுதியிருக்கிறார். இசை தொடங்கும்போது, ஒலி அடக்கிய வயலின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரே அளவான அடிகளில் படியேறுகின்றன. சீரான நடை, அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் தாளக்கட்டு மட்டும் இரண்டு அடி, மூன்று அடி, நான்கு அடி, ஐந்து அடி என்று மாறிக்கொண்டே போகிறது. இந்தத் திருப்பத்தில் வீடு வந்துவிடும் என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னும் ஓர் அடி மிச்சமிருக்கிறது. வழி தவறிய பிள்ளை ஓடுவதில்லை, அழுவதும் இல்லை. நடந்துகொண்டே இருக்கிறான், வழி மட்டும் நீண்டுகொண்டே இருக்கிறது. ஓபோ என்னும் மரக்குழல் ஒரு சிறு பாட்டைத் தொடங்கி வைக்கிறது. பிறகு, சில விநாடிகளே நீடிக்கும் ஓரிடத்தில், தனி வயலின்கள் தந்தியை அழுத்தாமல் தொட்டபடியே விரலை வழுக்கிக் கீச்சிட, புல்லாங்குழல்கள் கூவுகின்றன. பறவைகள் வந்து தின்றுவிட்டுப் போய்விட்டன. நடை பழையபடி தொடர்கிறது. இந்தச் சில விநாடிகளில் மூட்டம் என்று சொல்ல ஒரு சுரம்கூட இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த இசையில் இதைவிடக் கனவுக்கு நெருங்கியது அதிகம் இல்லை.

கேள்வி: சிக்மண்ட் ஃப்ராய்டின் கனவு ஆராய்ச்சியும் இதே காலத்தது அல்லவா? ராவெல் அதைப் படித்துவிட்டுத்தான் கனவைக் கையில் எடுத்தாரா?

பதில்: காலம் அருகருகே இருப்பது உண்மை. கனவுகளின் விளக்கம் பற்றிய ஃப்ராய்டின் நூல் 1900 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. ஆனால் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது 1926இல். பாலே மேடையேறி 14 ஆண்டுகள் கழித்து. கதைகளை ஒன்றாகக் கோக்கக் கனவைப் பயன்படுத்துவது நாடக மேடையின் மிகப் பழைய உத்தி. அதற்கு ஃப்ராய்டின் ஊரான வியன்னாவரை போக வேண்டிய அவசியம் ராவெலுக்கு இல்லை. பெரோவின் இளவரசி நூறாண்டுகள் தூங்குகிறாள். அவ்வளவு நீண்ட தூக்கத்தில் கனவு வராமலா இருக்கும் என்று யோசித்தாலே போதும், பாலேயின் கதை கிடைத்துவிடுகிறது.

கேள்வி: ‘அழகியும் மிருகமும் உரையாடுதல்’ என்ற பகுதியில் உரையாடல் எதுவும் என் காதில் விழவில்லை. மெதுவான ஒரு வால்ட்ஸ்தான் கேட்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குரல்களை அடையாளம் கண்டுகொண்டால் ஒரு சொல்லும் தப்பாது. அழகி கிளாரினெட். மென்மையான, சற்றே தயங்கும் வால்ட்ஸ் மெட்டு அவளுடையது. 1888இல் எரிக் சாத்தி எழுதிய ‘ஜிம்னோபெதி’ பியானோத் துண்டுகளின் சாயல் அதில் இருப்பதை, அவற்றைக் கேட்டவர்கள் உடனே உணர்வார்கள். மிருகம் கான்ட்ராபசூன். மரக்குழல் வாத்தியங்களில் மிகவும் தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் இந்தக் கருவி பெரும்பாலும் பிற வாத்தியங்களுக்கு அடியில் கிடந்து பாரம் சுமப்பது. இங்கே அது தனியாக வாயைத் திறக்கிறது; அரைச் சுரங்களில் தவழ்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச முயல்கிறது.

“உங்கள் நல்ல மனத்தை நினைக்கும்போது நீங்கள் அவ்வளவு அவலட்சணமாகத் தெரியவில்லை” என்று அழகி சொல்வதும், “எனக்கு மனம் நல்லதுதான், ஆனால் நான் ஒரு மிருகம்” என்று அது பதில் சொல்வதும் இசைக்குறிப்பேட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். பிறகு இரண்டு மெட்டுகளும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. மிருகம் கெஞ்சக் கெஞ்ச வேகமும் ஒலியும் ஏறுகின்றன. உச்சத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த மௌனத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். அடுத்து ஹார்ப்பின் தந்திகள்மேல் ஒரு கை வழிந்தோடும். அதன் பிறகு தனி வயலின் ஒன்று, தொடக்கூடக் கூசும் உயரத்தில், ஒரு மெட்டை வாசிக்கும். உற்றுக் கேட்டால் அது கான்ட்ராபசூன் உறுமிய அதே மெட்டு. தோல் உரிந்துவிட்டது, உள்ளே இருந்தவன் இளவரசன். சாபம் நீங்குவதைச் சொல்ல ராவெல் ஒரு புதிய மெட்டைக்கூட எழுதவில்லை. அதே சுரங்களை அடித்தளத்திலிருந்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவே.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் பயில்பவள். பகோடா அரசியின் பகுதியைக் கேட்டவுடன் மோகனம் என்று தோன்றியது. ஆனால் ஆல்பத்தின் உறையில் சீன இசை என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?

பதில்: உங்களுக்குத் தோன்றியதில் தவறில்லை. பியானோவுக்கான மூல வடிவத்தில் மேல்பகுதியை வாசிப்பவரின் கைகள் ஏறக்குறைய முழுவதும் கறுப்புக் கட்டைகளின் மேலேயே ஓடுகின்றன. கறுப்புக் கட்டைகள் ஐந்து. அவற்றில் எஃப் ஷார்ப்பை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் கிடைப்பவை மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். ஆனால் அவை மோகனத்தின் சுரங்கள் மட்டுமே, மோகனம் ஆகிவிடாது. கமகம் இல்லை, ராகத்துக்குரிய பிடிப்புகள் இல்லை. சிறு மணிகளைச் சிந்தியதுபோல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக உதிர்கிறது. கீழே ராவெல் சேர்க்கும் குரல்கள் பிரெஞ்சுக்காரருடையவை.

சீனம் என்பதும் முழு உண்மை அல்ல. பகோடா என்று கதையில் வருவது கோவில் அல்ல. தலையாட்டும் சிறு பீங்கான் பொம்மைகளுக்கு அன்றைய பிரான்ஸில் அந்தப் பெயர் இருந்தது. சூனியத்தால் அவலட்சணமாக்கப்பட்ட லெதரோனெத் என்பவள் அந்தப் பொம்மைகளின் அரசி. அவள் குளிக்க இறங்கியதும் அவை பாடவும் வாசிக்கவும் தொடங்குகின்றன. சிலவற்றின் கையில் வாதுமைக் கொட்டையின் ஓட்டில் செய்த வீணைபோன்ற வாத்தியங்கள் இருந்தன, ஏனென்றால் வாத்தியம் அவற்றின் உடலளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டுமே என்கிறது கதை. இந்த ஒரு வரியைத்தான் ராவெல் ஆர்கெஸ்ட்ராவில் எழுதியிருக்கிறார் என்று சொல்லலாம். சிறிய பிக்கொலோ, செலஸ்டா, சைலஃபோன் எல்லாம் கொட்டை ஓட்டுக்குள் அடங்கும் ஒலிகள். நடுவில் தாம்-தாம் என்னும் பெரிய கோங் மெல்ல அதிர்கிறது. பொம்மைகளின் உலகில் அது இடி.

ஒலியின் நிறத்துக்கு மூலம் சாவாவாக இருக்க வாய்ப்பு அதிகம். 1889இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் சாவாத் தீவின் கமலான் என்னும் வெண்கல வாத்தியக் குழு வாசித்தது. அப்போது ராவெலுக்கு 14 வயது. அந்த வெண்கல ஒலிகள் அங்கே போன ஒரு தலைமுறைப் பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் காதை விட்டு நீங்கவில்லை. ஆக, பிரெஞ்சுக் கதையொன்றின் சீனப் பொம்மைகள் சாவாவின் வாத்திய ஒலியில், மோகனத்தின் சுரங்களை வாசிக்கின்றன. கனவில் இது நடக்கலாம்; கனவில் மட்டுமே நடக்கலாம்.

கேள்வி: குழந்தைகள் வாசிப்பதற்காக எழுதப்பட்டது என்கிறார்கள். என் மகள் நான்கு ஆண்டுகளாகப் பியானோ பயில்கிறாள். அவளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், ஆனால் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தக் குழந்தைகளுக்கே மேடையில் வாசிக்கத் துணிவு வரவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1910 ஏப்ரல் 20 அன்று பாரிஸில் ‘சுதந்திர இசைச் சங்கம்’ நடத்திய முதல் கச்சேரியில் இதை அரங்கேற்றியவர்கள் வேறு இரண்டு சிறுமிகள். அவர்களில் ஒருவரான ழான் லெலுவுக்கு அப்போது வயது 11. அவர் வாசித்த விதம் ராவெலை அவ்வளவு நெகிழ்த்தியது. மறுநாளே அந்தச் சிறுமிக்கு அவர் நன்றிக் கடிதம் எழுதினார். பின்னால் 1913இல் ஒரு சிறு பியானோ முகப்பிசையையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அந்தச் சிறுமி வளர்ந்து தாமும் இசையமைப்பாளராகி, 1923இல் இளம் இசையமைப்பாளர்களுக்கான பிரான்ஸின் பெரும் போட்டிப் பரிசான ரோம் பரிசை வென்றார். ராவெல் ஐந்து முறை போட்டியிட்டும் அந்த முதற்பரிசைப் பெற்றதில்லை.

உங்கள் மகளுக்குப் பவானை முதலில் கொடுக்கலாம். சுரங்கள் எளியவை, அவற்றை மெதுவாகவும் சமமாகவும் ஒலிக்கச் செய்வதுதான் கடினம். பகோடா அரசியை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இளவரசி விழித்துக்கொள்ளும் இடத்தை இசை எப்படிக் காட்டுகிறது? திடுக்கிட வைக்கும் ஒலி எதுவும் வரவில்லையே!

பதில்: வராது. விழிப்பைத் திடுக்கிடலாக எழுதுவது எளிது. ராவெல் அதை விடியலாக எழுதினார். ‘தேவதைத் தோட்டம்’ என்னும் இறுதிப் பகுதி, தந்தி வாத்தியங்கள் மட்டும் மிகத் தாழ்ந்த ஒலியில், ஏறக்குறைய வழிபாடுபோல் தொடங்குகிறது. அதுவரை கேட்ட மணிகளும் பறவைகளும் உறுமல்களும் இல்லை. தெளிந்த சி மேஜர் மட்டும். மேடையில் இந்நேரம் இளவரசன் உள்ளே வந்து, உறங்குபவளைக் கண்டு நிற்கிறான். பிறகு தனி வயலின் ஒன்று செலஸ்டாவின் மினுக்கத்துக்கு நடுவே பாடுகிறது. கண் திறக்கும் கணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அங்கிருந்து ஒலி பெருகத் தொடங்கி ஒரே ஏற்றமாகப் போகிறது. அவசரமே இல்லை; ஒவ்வொரு தாளக்கட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் கூடுகிறது.

பாலே வடிவத்தைக் கேட்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் பரிசு உண்டு. முகப்பிசையின் தொடக்கத்தில், ஒலி அடக்கிய ஹார்ன்கள் எங்கோ தொலைவிலிருந்து ஓர் அழைப்பை எழுப்பும். அப்போது அது யாரை அழைக்கிறது என்று தெரியாது. கடைசிப் பக்கத்தில் டிம்பனி என்னும் முரசு முழங்க, ஹார்ப்பும் செலஸ்டாவும் மேலும் கீழுமாக வழிந்தோட, ஹார்ன்கள் மறுபடியும் அழைக்கின்றன. இம்முறை ஒலியை அடக்கும் அடைப்பு இல்லை, தொலைவும் இல்லை.